முகத்தைத் தொடாத மடிப்பு

கலியாணமாகி ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த அன்று, என் கணவர் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறை வீட்டில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கை அளவு அட்டை. தொப்பி போட்ட மனிதர் ஒருவர் தோளில் ஒரு மரக்கட்டையைச் சாய்த்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அட்டையின் மூலைகள் எல்லாம் தேய்ந்து உருண்டிருந்தன. நெஞ்சுக்குக் குறுக்கே நீல மையில் ஏதோ கிறுக்கியிருந்தது. இவருக்கு வேலை கொடுத்த முதலாளியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை, சாமிக்கு வைத்த செவ்வந்தியில் ஒன்றை மரியாதைக்காக அவருக்கும் வைத்தேன்.

வேலையால் வந்து அதைக் கண்ட என் கணவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். அதுவரை நாங்கள் பெரும்பாலும் கடிதத்தில்தான் பழக்கம். எழுத்தில் அவர் மிகவும் பெரிய மனிதர் மாதிரி இருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இந்த ஆளோடு இருந்துவிடலாம் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது.

அது முதலாளி இல்லை, அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பேஸ்போல் விளையாடிய ஒருவர் என்று பிறகு விளங்கப்படுத்தினார். என் கணவர் அகதியாக வந்து இறங்கியபோது தெற்கே ஒரு சிறிய நகரத்தின் விடுதியில் விட்டிருந்தார்கள். நகரத்தின் ஓரத்தில் அமெரிக்க இராணுவ முகாம். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், அங்கே சிப்பாய்களின் சாப்பாட்டு மண்டபத்தில் சட்டி பானை கழுவப் போனார். சனிக்கிழமைகளில் சிப்பாய்கள் புல்வெளியில் பேஸ்போல் ஆடுவார்கள். இவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசியவர். பந்தும் கட்டையும் வெயிலும் ஓரிடத்தில் இருந்தால் அவரால் அந்த இடத்தைக் கடந்து போக முடியாது. விதிகள் ஒன்றும் விளங்காமலே கம்பி வேலிக்குப் பின்னால் நின்று கடைசி வரை பார்ப்பாராம்.

சமையலுக்குப் பொறுப்பாக இருந்த சார்ஜன்ட் ஒருவர் அதைக் கவனித்திருக்கிறார். ஊருக்குத் திரும்புகிற நேரம் வந்தபோது, அவர் இவரைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் தகரத்தைக் கையில் கொடுத்தார். உள்ளே அவர் சின்ன வயதில் சேர்த்த விளையாட்டு வீரர்களின் அட்டைகள். சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளில் செருகி 'டக டக' என்று சத்தம் வரச் செய்தவை, காற்சட்டைப் பையில் கசங்கியவை, பபிள்கம் ஒட்டிக் கறை பிடித்தவை. சிலவற்றில் மைதானத்து வேலியின் மேலால் எட்டி நீட்டி வாங்கிய கையெழுத்துகள். என் பிள்ளைகளுக்கு இதில் ஆசையில்லை, இந்த ஊரில் ஆட்டம் முடியும்வரை நின்று பார்க்கிற ஒரே ஆள் நீதான் என்று சொன்னாராம். என் கணவர் கெல்சென்கிர்ச்சனில் ஒரு சேமிப்புக் கிடங்கில் நிரந்தர வேலை கிடைத்து வந்தபோது, ஒரு பெட்டியும் அந்தத் தகரமும்தான் கொண்டுவந்தார்.

கெல்சென்கிர்ச்சன் உதைபந்தாட்டத்துக்காக உயிரை விடுகிற ஊர். சனிக்கிழமை பிற்பகலில் ட்ராம் முழுக்க ஊர் அணியின் நிறமான நீலமும் வெள்ளையுமாக இருக்கும். எங்கள் ஆட்களோ கிரிக்கெட். இரண்டிலும் சேராமல் பேஸ்போல் அட்டை சேர்க்கிற மனிதரை யாருக்கும் எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. கோயில் திருவிழாவில், தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில், "அண்ணை இன்னும் அமெரிக்கன்ரை படம்தான் பாக்கிறாரோ?" என்று என்னிடம் பகிடியாகக் கேட்பார்கள். நானும் ஓம் என்று சிரித்துவிட்டு வருவேன். உண்மையில் எனக்கும் ஆரம்பத்தில் அது ஒரு விசர் வேலையாகத்தான் தெரிந்தது.

ஆனால் ஒரே வீட்டில் இருந்தால் காதில் விழுவது விழத்தான் செய்யும். அவர் ஞாயிறு காலைகளில் தேநீரோடு குசினி மேசையில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு தனக்குத்தானே பேசுவார். புத்தம் புதிதாக இருக்கிற அட்டை அவருக்கு வேண்டாம். யாரும் தொடாமல் பெட்டியில் வைத்திருந்ததைப் பார்த்து என்ன செய்வது என்பார். அவருக்கு வேண்டியது தேய்ந்த அட்டை, அதிலும் கையெழுத்து விழுந்த அட்டை. அப்படியானவற்றுக்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. மூலை கூராக இருக்கிறதா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று அளக்கிற அளவுகோலெல்லாம் அங்கே உதவாது. எல்லாம் பழுதுதான். பழுதான இரண்டில் ஒன்று கண்ணை இழுக்கும், மற்றது இழுக்காது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

அட்டையைச் சன்னலோரம் சரித்துப் பிடித்தால், அச்சில் வந்த போலிக் கையெழுத்து மினுங்காமல் கிடக்கும், உண்மையான பேனை பட்ட இடம் சிறு பள்ளமாகத் தெரியும் என்று அப்படித்தான் நான் அறிந்தேன். படத்து வானத்தில் போட்ட கையெழுத்து நிற்கும், கறுத்தச் சட்டையில் போட்டது மூழ்கிவிடும். குமிழ்முனைப் பேனையின் நீலம் வயதாக ஆக ஊதாப் பக்கம் போகும். ஊற்றுப்பேனை மண்ணிறமாகும். மூலை தேய்வதைப் பற்றி அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "நாலும் ஒரே மாதிரித் தேய்ஞ்சால் அது வயசு. ஒண்டு மட்டும் கிழிஞ்சால் அது காயம்" என்பார். எல்லாவற்றிலும் பெரிய விசயம் மடிப்பு. மடிப்பு எங்கே வேண்டுமென்றாலும் போகட்டும், முகத்தைத் தொடக்கூடாது. முகத்தில் மடிப்பு விழுந்த அட்டையை எவ்வளவு பெரிய ஆட்டக்காரருடையதாக இருந்தாலும் அவர் வைத்திருக்கமாட்டார்.

கடைசிப் பரீட்சை என் சீனிப் போத்தலில் நடக்கும். புதிதாக வந்த அட்டையைப் போத்தலில் சாய்த்துவிட்டு ஒரு கிழமை, அடுத்த ஞாயிறு வரை, அப்படியே விடுவார். நான் தேநீர் ஊற்றும்போதெல்லாம் யாராவது ஒரு தொப்பிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிழமை முடிவில் இன்னும் பார்க்க வேண்டும்போல் இருந்தால் தகரத்துக்குள் போகும். இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ள எடுத்துவைப்பார்.

மாற்றிக்கொள்வது பெரும்பாலும் ஒருவரோடுதான். அவர் எங்கள் பகுதியில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி வைத்திருந்த ஜெர்மன்காரர். ஒரு ஞாயிற்றுச் சந்தையில் பழைய பொருள் பெட்டி ஒன்றுக்குள் இரண்டு பேருடைய கையும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். ஆள் நெடுவல், குரலில் எப்போதும் ஒரு அதட்டல், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. அவருக்கு மூலைகள்தான் உயிர். மடிந்த மூலையை ஜெர்மன்காரர் கழுதைக்காது என்பார்கள். என் கணவரின் தகரத்தைக் கழுதைகளின் தொழுவம் என்று அவர் சொல்வார். என் கணவர் அவருடைய அட்டைகளைக் கடையில் வாங்கின மீசை என்பார், பார்க்க ஒழுங்கு, உயிர் இல்லை என்று. இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டே இருவரும் நான் பொரிக்கிற ரோல்ஸ் தட்டைக் காலியாக்குவார்கள். அவர் ரோல்ஸையும் கத்தி முள்ளுக்கரண்டியால்தான் சாப்பிடுவார்.

ஒருநாள் இரண்டு பேரும் ஓர் அட்டையில் இணங்காமல், வந்து என்னைக் கேட்டார்கள். எனக்கு விளையாட்டும் தெரியாது, ஆட்டக்காரர் யார் என்றும் தெரியாது, ஆகவே நடுநிலை என்று நினைத்தார்கள்போல. நான் கையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தேன். நான் வேலை செய்தது ஒரு பேக்கரியில். காலையில் பாண்களைக் கண்ணாடிக்குள் அடுக்கும்போது எது முன்னால் வரவேண்டும் என்று கை தானாக முடிவு செய்யும். அப்படித்தான் இதையும் பார்த்தேன். இந்த ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லாமல் விட்ட மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். ஜெர்மன்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த வாயை நெடுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் இணங்காத எதுவும் அடுப்படிக்குத் தீர்ப்புக்கு வரும். எங்கள் மகள் படித்து, வேலை கிடைத்து ஹம்பேர்க் பக்கம் போன பிறகு, வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிற பெரிய சத்தம் அவர்கள் இரண்டு பேருடைய வாக்குவாதம்தான்.

இனிச் சொல்லப்போவது என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அவர் புதிதாக மாற்றி எடுத்த அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"இஞ்சை பாரும், இது வளைஞ்சு போச்சு. உம்மடை புட்டு ஆவிதான்."

எடுத்துப் பார்த்தேன். அட்டை தட்டையாக, நேராக இருந்தது. வெள்ளை ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. வளையவில்லை என்றேன். வளைந்திருக்கிறது என்றார். நான் மகள் பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட பழைய அடிமட்டத்தை எடுத்து வந்து ஓரத்தோடு வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு அடிமட்டமும் வளைந்திருக்கிறது என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. நிமிர்ந்து குசினிக் கதவின் நிலையைப் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்தினார். பிறகு மற்றக் கண்ணை. நான் அடுப்பை அணைத்தேன். அவர் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

கண் வைத்தியரிடம் டெர்மின், அதாவது போய்ப் பார்க்க நாளும் நேரமும், எடுப்பது லேசில்லை. ஆனால் நேர்கோடு வளைந்து தெரிகிறது என்று தொலைபேசியில் சொன்னதும் உடனே வரச் சொன்னார்கள். அந்த அவசரமே எங்களைப் பயப்படுத்தியது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டு வருகிறது என்றார் வைத்தியர். இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, அது திரும்பி வராது. வலது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம். அதற்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடவேண்டும். ஒவ்வொரு முறையும் நான் வெளியே நடைபாதையில் இருப்பேன். ஊசி போட்டு முடிந்து, கண்ணில் மூடியோடு வெளியே வந்து, "நோகேல்லை" என்று நான் கேட்பதற்கு முதலே சொல்லுவார்.

ஊசி உதவியது. நடக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம், வீட்டில் யார் வந்தார்கள் என்று தெரியும். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது மங்கிவிடும். ஓரங்கள் இருக்கும், நடு இருக்காது. மனிதர்களின் முகம் தெரியாமல் காது தெரியும். கையெழுத்தைப் பார்த்தால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரியும், நடுவில் புகை. ஒருநாள் பிஸ்கட் தகரத்தை எடுத்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார். அதைவிட எனக்குத் தாங்காமல் இருந்தது சீனிப் போத்தல் வெறுமனே நின்றதுதான்.

ஜெர்மன் நண்பர் ஆரம்பத்தில் வந்துகொண்டுதான் இருந்தார். காலநிலை, அரசியல், தன் முழங்கால் என்று ஏதேதோ பேசுவார். சண்டை பிடிக்க ஒன்றும் இல்லாததால் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. ரோல்ஸ் தட்டில் மிஞ்சத் தொடங்கியது. பிறகு வருவதும் குறைந்தது.

ஒரு வசந்த காலத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. கொலோனில் ஒரு முதியவர், சேகரிப்பாளர் சந்தைகளில் இருவருக்கும் முகப்பழக்கம் உள்ளவர், இறந்துவிட்டார். அவருடைய மனைவி அட்டைகளை விற்று ஒதுக்கப் பார்க்கிறார். நீங்களும் வரவேண்டும், கையெழுத்து விசயத்தில் எனக்கு உங்கள் கண் வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் முடியாது என்று சுருக்கமாகச் சொல்லித் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"நீர் போயிட்டு வாரும். உமக்குக் கண் இருக்குத்தானே" என்றார். கோபமாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. நான் போவதாக ஒப்புக்கொண்டேன்.

கொலோன் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. வாசலில் நின்ற அம்மாவுக்கு எண்பது வயது இருக்கலாம். உதட்டுச் சாயம் பூசி, முடியை ஒழுங்காகச் சுருட்டியிருந்தார். கேக் வெட்டி வைத்திருந்தார். மேசையில் அல்பங்கள் அடுக்கியிருந்தன. நண்பர் உடனே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்க்கத் தொடங்கினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. அல்பத்தில் சேராத அட்டைகள் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் சும்மா போட்டிருந்தன. அதை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தேன்.

பெட்டியின் அடியில் அது கிடந்தது. எடுத்த உடனேயே திரும்ப வைத்தேன், அவ்வளவு மோசம். வேறு இரண்டைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தேன். திரும்ப வைக்க மனம் வரவில்லை. நண்பரைக் கேட்டால் கழுதைக்காது என்பார் என்று தெரியும். ஆகவே அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, ஒரு அட்டை இருக்கு. சரியான பழுது. ஆனா விட மனமில்லாமல் கிடக்கு."

எனக்கேன் சொல்கிறாய் என்று வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"எவ்வளவு பழுது?" என்றார்.

"மூலை நாலும் போச்சு. மேலையிருந்து கீழை வரைக்கும் ஒரு மடிப்பு."

"மடிப்பு எங்காலை போகுது?"

"வலப்பக்கத்தாலை. வானத்திலை தொடங்கி, தோள்மூட்டாலை இறங்கி, கையுறைக்குள்ளை போய் முடியுது."

"முகத்திலை படுதோ?"

"இல்லை. காதுக்கு அங்காலை ஒரு மயிரிழை விட்டிட்டுப் போகுது."

"கையெழுத்து?"

"மற்றப் பக்கம், வானத்திலை. ஊற்றுப்பேனை. மண்ணிறமாப் போச்சு. முதல் எழுத்து நல்ல பெரிசு. கடைசி எழுத்து வந்து தொப்பியிலை முட்டப் பாத்திருக்கு, அதைக் கீழாலை வளைச்சு விட்டிருக்கிறார். தன்ரை தொப்பியைத் தானே பழுதாக்கக் கூடாதெண்டு கவனமா இருந்திருக்கிறார் போலை."

அந்தப் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. சிரித்தாரோ என்று நினைக்கிறேன். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாயா என்றார். பார்த்தேன், பேனைத் தடம் இருக்கிறது என்றேன். ஆள் என்ன செய்துகொண்டு நிற்கிறார் என்று கேட்டார்.

"பந்தை எறிஞ்சு முடிச்சிட்டார். கை கீழை வந்திட்டுது. பந்து போன பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"எப்பிடிப் பாக்கிறார்?"

அட்டையைக் கொஞ்சம் தூரப் பிடித்துப் பார்த்தேன். "பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூட வாசலிலை விட்டிட்டு நிக்கிற ஆள் மாதிரி."

"வடிவா இருக்கோ?"

"ஓம். வடிவாத்தான் இருக்கு."

"அப்ப கேட்டுப் பாரும்" என்றார். அவருடைய பழைய குரல் அது.

தொலைபேசியை வைத்தபோது அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். என் கணவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, அதனால் அட்டையைச் சொல்லிக் காட்டினேன் என்றேன். தனக்கும் சொல்லச் சொன்னார். என் ஜெர்மனுக்கு எட்டிய அளவில் வானம், மடிப்பு, தொப்பி, பள்ளிக்கூட வாசல் என்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். நண்பரும் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை வாங்கினார். அந்த மடிப்பு தான் போட்டது என்றார். புதிதாகக் கலியாணம் செய்த காலம், படுக்கையறைச் சன்னல் காற்றுக்குக் கடகடவென்று ஆடும். கணவர் திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் பொறுமை போய், அந்த அம்மா கைக்கு அகப்பட்ட ஓர் அட்டையை மடித்துச் சன்னல் இடுக்கில் செருகிவிட்டார். அது கணவர் மிகவும் கஷ்டப்பட்டு, அமெரிக்கச் சிப்பாய் ஒருவரிடம் மன்றாடி வாங்கிய அட்டை. அவர் அதைக் கண்டபோது கத்தவில்லையாம். மெதுவாக விரித்து, புத்தகத்துக்குள் வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, அன்று மாலையே சன்னலைத் திருத்தினாராம்.

சொல்லிவிட்டு அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அட்டையைத் திரும்பவும் பார்த்தார். இத்தனை வருடம் மடிப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், இந்த மனிதரின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மற்ற எதையும் கொண்டுபோங்கள், இதை மட்டும் தரமாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம்தான். வாய் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கிடைத்திருக்கும். காரில் வரும்போது நண்பரும் அதையேதான் சொன்னார். நீங்கள் மிக நன்றாகச் சொல்லிவிட்டீர்கள், இனிமேல் மோசமாகச் சொல்லப் பழகுங்கள் என்றார். அவர் அல்பங்களிலிருந்து சிலவற்றை வாங்கியிருந்தார், எல்லாம் கூர் மூலைகள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அட்டை கிடைக்காதது அவருக்குக் கவலையாகத் தெரியவில்லை. கதையில் இஸ்திரிப் பெட்டி வந்த இடத்தில் சிரித்தார். பெட்டிக்குள் வேறு என்ன இருந்தது என்று கேட்டார். நினைவிலிருந்து இன்னும் இரண்டு மூன்றைச் சொன்னேன். ஒன்றுக்கு, அதை ஏன் கேட்டு வாங்கவில்லை என்று என்னை ஏசினார்.

அடுத்த ஞாயிறு நான் எழும்பி வரும்போது பிஸ்கட் தகரம் குசினி மேசையில் இருந்தது. கதிரையில் ஏறி அவரே இறக்கியிருக்கிறார். கதிரையில் ஏறினதற்கு நான் சத்தம் போட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், ஏதாவது ஒன்றை எடுத்துச் சொல்லு என்றார்.

அதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரிப் போயின. நான் எடுத்து, பார்த்துச் சொல்லுவேன். அவர் கேட்டுக்கொண்டே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிவிடுவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவர் கோபித்துக்கொண்டு இருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கண்ணின் ஓரத்தால் பார்த்தால் அட்டையின் நிறமும் ஆள் நிற்கிற விதமும் அவருக்குக் கொஞ்சம் பிடிபடும். மிச்சத்துக்கு என் குரல். நான் ஒன்றும் பொய் சொல்லமாட்டேன். ஆனால் சில அட்டைகளைச் சொல்லும்போது என் பேச்சு நீளுமாம், சிலவற்றுக்கு மூலை, மடிப்பு, மை என்று ஒப்புவித்துவிட்டு நிறுத்திவிடுவேனாம். நீண்டால் வைத்துக்கொள்வார். நிறுத்தினால், "இது வேண்டாம், உமக்கே அலுப்பா இருக்கு" என்று தள்ளிவிடுவார். அப்படி அவர் வருடக்கணக்காக வைத்திருந்த சிலவும் வெளியே போயின. என் கண்ணால் பார்க்கும்போது அவை நிற்கவில்லை.

நண்பருக்கு இது தெரிந்ததும் பழையபடி வரத் தொடங்கினார். அவருடைய கூர் மூலை அட்டைகளையும் என்னைச் சொல்லச் சொல்லுவார். நான் ஒரு வசனத்தில் முடித்தால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். ஒருமுறை, நேர்மையாகத்தான், இந்த ஆள் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க நிற்கிற மாதிரி இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். என் கணவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நண்பர் ரோல்ஸைக் கையால் எடுத்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

கொலோன் அம்மா இடைக்கிடை தொலைபேசி எடுப்பார். போன இலையுதிர் காலத்தில் கோப்பிக்கு வரச் சொன்னார், கணவரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று. ரயிலில் போனோம். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

அந்த அம்மா அட்டையைச் சட்டமிட்டு மாட்டவில்லை. மேசை விளக்கின் அடியில் சாய்த்து வைத்திருந்தார். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார். என் கணவர் பல்கனிக் கதவடியில் வெளிச்சத்துக்குப் போய், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தார். விரலால் மடிப்பைத் தடவினார். நாங்கள் இரண்டு பெண்களும் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். பிறகு திரும்பி வந்து, மிகவும் அழகான அட்டை, காட்டினதற்கு நன்றி என்று தன் மிக ஒழுங்கான ஜெர்மனில் சொன்னார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

திரும்பும் ரயில் கொலோன் பாலத்தைத் தாண்டும் வரை அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"அவ்வளவு வடிவில்லை" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறார்.

"முதல் எழுத்து கனக்கப் பெரிசு. வானத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது. நீர் சொல்லேக்கை எனக்கு அப்பிடித் தெரியேல்லை."

பெரிது என்றுதான் சொன்னேன் என்றேன். பெரிது என்று சொன்னாய், இவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை என்றார். மையும் மிகவும் வெளிறிவிட்டதாம். சீனிப் போத்தலில் வைத்தால் ஒரு கிழமை தாங்காதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த எழுத்து பெரிதாக இருப்பதால்தானே கடைசி எழுத்து இடமில்லாமல் வளைகிறது, அந்த வளைவுதானே அழகு என்று கேட்டேன். வளைவு சரி, ஆனால் அதற்காக முதல் எழுத்தை மன்னிக்க முடியாது என்றார். டுசல்டோர்ஃபில் ஆட்கள் ஏறினார்கள், டூயிஸ்பேர்க்கில் இறங்கினார்கள், நாங்கள் நிறுத்தவில்லை. எதிரே இருந்த பெண் ஒருவர், ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருக்கவேண்டும், பார்வையைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு வந்தார்.

இத்தனை மாதமும் நான் சொல்வதையே கேட்டு, நான் நிறுத்தினால் தள்ளி, நான் நீட்டினால் வைத்துக்கொண்டிருந்த மனிதர். அன்று தன் கண்ணின் ஓரத்தில் மிச்சமிருந்த பார்வையால் தானாகப் பார்த்து, எனக்குப் பிடித்ததைத் தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். தோற்றுக்கொண்டிருந்தபோதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் பலமாக வாதாடினேன்.

கெல்சென்கிர்ச்சனில் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. படியில் தடக்காமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் காலை வைத்ததும், "உண்மையாச் சொல்லும், உமக்கு அந்த முதல் எழுத்து உறுத்தேல்லையோ?" என்று மறுபடி தொடங்கினார்.